பரணா, லாஃப்டா? நகர வாழ்க்கையை எங்கே தேடுறோம்

எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம்

இன்றைய எபிசோடை ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். லாஃப்ட்.

நம்ம வீடுகளில் லாஃப்ட் என்றால் என்ன? சமையலறையிலோ பெட்ரூமிலோ, கதவு உயரத்துக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கிட்டு இருக்கும் ரெண்டடி கான்கிரீட் பலகை. பழைய அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து இன்னும் பிரிக்காத டின்னர் செட், எல்லாம் அங்கேதான் இருக்கும். பாட்டி காலத்தில் அது மரத்தில் இருந்தது, பரண் என்று பேர். இப்போ கான்கிரீட்டில் இருக்கு, லாஃப்ட் என்று பேர். யாரும் அதில் குடியிருக்க ஆசைப்பட்டதில்லை.

அதே சொல்லை இப்போ அபார்ட்மென்ட் விளம்பரங்களில் பாருங்க. ரெண்டு மாடி உயரத்துக்கு ஹால், ஒரு பக்கம் இரும்புப் படிக்கட்டு, மேலே ஒரு அரைத்தளம், பூசாத செங்கல் மாதிரி வால்பேப்பர், கூரையிலிருந்து தொங்கும் கறுப்பு விளக்கு. கீழே பெரிய எழுத்தில் 'அர்பன் லிவிங்'. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரமாக, சுத்துச்சுவருக்குள்ளே இருக்கும். பால் வாங்கணும்னா ஆப்பை திறக்கணும், இல்லைன்னா பைக்கை எடுக்கணும்.

நான் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரன். வாரம் முழுக்க பெங்களூரில் கோட் எழுதிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஜோலார்பேட்டையில் இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தன். எங்க செட்டில் பாதிப் பேர் இப்போ வீடு வாங்கும் வயசில் இருக்கோம். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்கு சும்மா பேச்சு கிடையாது, இருபது வருஷ இஎம்ஐ. லாஃப்ட் என்ற பேருக்கு எதற்காக கூடுதல் காசு கொடுக்கிறோம்? 'நகர வாழ்க்கை' என்று அவங்க விற்பது உண்மையில் எங்கே இருக்கு? இதைத் தேடிப் போனால் வழியில் நம்ம ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். அதுவும் ஓரமாக இல்லை, கதையின் நடுவிலேயே.

உயரமான கூரை யாருக்காக?

நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவின் தெற்குப் பகுதியில் சோஹோ என்று ஓர் இடம். சென்னையில் ஆபீஸ் வச்சிருக்கும் ஜோஹோ இல்லை, ஹியூஸ்டன் தெருவுக்குத் தெற்கே இருப்பதால் சோஹோ. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே வரிசையாக வார்ப்பிரும்பு முகப்பு வைத்த கட்டடங்கள் எழுந்தன. துணிக் கிடங்குகள், தையல் ஆலைகள், அச்சகங்கள். ஒரு தளம் முழுவதும் தடுப்பில்லாத ஒரே கூடமாக இருக்கும். அந்தத் தளத்துக்குத்தான் லாஃப்ட் என்று பேர்.

கூரை ஏன் அவ்வளவு உயரம் என்றால், காரணம் முழுக்க இன்ஜினியரிங். அந்த ஊர் மனையின் வழக்கமான அளவு 25 அடி அகலம், 100 அடி ஆழம். ரெண்டு பக்கமும் ஒட்டின கட்டடங்கள். முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் ஜன்னல் வைக்க முடியும். மின்விளக்கு வராத காலம். 100 அடி ஆழமான கூடத்தின் நடுவில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு வெளிச்சம் போகணும்னா ஜன்னல் உயரமாக இருக்கணும், ஜன்னல் உயரமாக இருக்கணும்னா கூரையும் உயரமாக இருக்கணும். இரும்புத் தூண்கள் எடையைத் தாங்கிக்கொண்டதால் உள்ளே சுவர் தேவைப்படவில்லை. இயந்திரத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பயணிகளுக்கான பாதுகாப்பான லிஃப்டை ஓடிஸ் முதலில் பொருத்தியதும் இதே பகுதியில்தான், 1857-இல், பிராட்வேயும் ப்ரூம் தெருவும் சந்திக்கும் ஹாவட் கட்டடத்தில்.

ஆக, இன்றைக்கு 'லாஃப்ட் ஸ்டைல்' என்று விற்கப்படும் உயரக் கூரை, பெரிய ஜன்னல், தடுப்பில்லாத ஹால் எல்லாமே தொழிலாளி வேலை செய்வதற்காகச் செய்த ஏற்பாடு. நம்ம பாஷையில் சொன்னால், ஒரு ரிக்வயர்மென்ட் இருந்தது, அதற்கு ஒரு டிசைன் வந்தது. இப்போ அந்த ரிக்வயர்மென்டே இல்லை, டிசைன் மட்டும் காப்பி ஆகுது. ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து ஃப்ரண்ட்-எண்ட் செய்துவிட்டு, பேக்-எண்டே எழுதாமல் ரிலீஸ் பண்ணின ஆப் மாதிரி.

வேலை போன இடத்துக்கு வீடு வந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1950-களிலும் 60-களிலும் காலியான தளங்களுக்கு ஓவியர்களும் சிற்பிகளும் வந்தார்கள். வாடகை குறைவு, பெரிய ஓவியம் வரைய இடம் இருந்தது. ஆனால் தொழிற்சாலைப் பகுதியில் குடியிருப்பது சட்டப்படி தப்பு. வெந்நீர் கிடையாது, ராத்திரி குப்பை எடுக்க ஆள் கிடையாது. அடிக்கடி தீப்பிடிக்கும் பகுதி வேற. தீயணைப்புப் படை அந்தப் பகுதிக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றே பேர் வச்சிருந்தது. கட்டட வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்று ஒரு சின்னப் பலகை மாட்டுவார்கள். நம்ம ஊர் ஆல் இந்தியா ரேடியோ இல்லை. 'உள்ளே கலைஞர் குடியிருக்கிறார்' என்று அர்த்தம். தீப்பிடித்தால் எந்த மாடியில் ஆள் இருக்காங்க என்று தீயணைப்பு வீரருக்குத் தெரியணுமே.

1971-இல் நகர நிர்வாகம் விதியை மாற்றி, சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் சோஹோவில் குடியிருக்கலாம் என்றது. 1973-இல் அந்தப் பகுதி பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1982-இல் லாஃப்ட் குடியிருப்பாளர்களுக்குப் பாதுகாப்புத் தர தனிச் சட்டமே வந்தது. அதே வருஷம் ஷாரன் ஸூகின் என்ற சமூகவியலாளர் லாஃப்ட் வாழ்க்கை பற்றி எழுதிய புத்தகம் வெளியானது. கலைஞர்கள் உருவாக்கின சூழல் எப்படி நில விலையை ஏற்றியது, அதனால் யார் வெளியே போனாங்க என்பதைப் பேசும் புத்தகம் அது. வாடகை ஏறியதும் முதலில் போனது மிச்சமிருந்த சின்னத் தொழில்கள். அடுத்து போனது அந்தக் கலைஞர்களே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒருத்தர் இருக்கார். 1960-களின் தொடக்கத்தில் செஸ்டர் ராப்கின் என்ற நகரத் திட்டமிடல் நிபுணர் அந்தப் பகுதியை ஆய்வு செய்தார். பாழடைந்த இடம், இடித்துவிடலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். அவர் உள்ளே போய்ப் பார்த்து, இங்கே இன்னும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இருக்கு, அவர்களில் பெரும்பாலோர் வேறு இடத்தில் எளிதில் வேலை கிடைக்காத கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ தொழிலாளர்கள், அதனால் இடிக்காதீங்க என்றார். லாஃப்ட் விளம்பரங்களில் இவங்க வரமாட்டாங்க. ஆனால் அந்தக் கூரைக்கு அடியில் முதலில் இருந்தது இவங்கதான்.

நம்ம தோல் போய் இறங்கிய சந்தை

சரி, நியூயார்க் துணி ஆலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக இல்லை. ஆனால் லண்டனில் ஒரு சம்பந்தம் இருக்கு.

தேம்ஸ் நதியின் தென்கரையில் பெர்மாண்ட்சி என்று ஒரு பகுதி. பல நூற்றாண்டுகள் லண்டனின் தோல் தொழில் அங்கேதான் நடந்தது. ஏன் அங்கே? நாற்றம். பணக்கார லண்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது, நாறுகிற தொழில் இந்தப் பக்கம். தோலை மென்மையாக்க நாய்க் கழிவைச் சேகரித்து விற்பதே அங்கே ஒரு பிழைப்பாக இருந்தது. 1830-களில் தோல் சந்தைக்கென்றே பெரிய வளாகம் கட்டினார்கள். 1878-இல் பக்கத்திலேயே தோல் பரிமாற்றக் கூடம் வந்தது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம்ம தோல் லண்டன் சந்தைக்குத்தான் போனது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று உலகச் சந்தையில் தனிப் பேர் இருந்தது அதற்கு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி ஊர்களில் தோல் வியாபாரக் குடும்பங்கள் வளர்ந்தது இந்த ஏற்றுமதியால்தான்.

இப்போ பெர்மாண்ட்சி எப்படி இருக்கு? பழைய டேனரிகளும் தோல் கிடங்குகளும் வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. டேனர் தெரு, மொராக்கோ தெரு, லெதர்மார்க்கெட் தெரு என்று தெருப்பேர்களில் மட்டும் தொழில் மிச்சம். பழைய செங்கல் சுவரையும் சரக்கு ஏற்றும் கதவையும் காட்டி விலை சொல்கிறார்கள். தோல் அங்கே இருந்து போனது, நாற்றம் போனது, பிறகு விலை வந்தது.

அந்தத் தொழில் எங்கே போனது என்பதற்குப் பதில் நம்ம ஊர்களில் இருக்கு. 1970-களில் மத்திய அரசு கச்சாத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுசாகப் பதனிட்ட தோலும் செருப்பு, ஷூவும் ஏற்றுமதி ஆகட்டும், வேலை இங்கேயே கிடைக்கட்டும் என்பது எண்ணம். வேலை வந்தது. கூடவே குரோம் முறைப் பதனிடுதலும் பெருகியது. பட்டைப் பதனிடலில் வாரக்கணக்கில் ஆவது, குரோமியம் உப்பு போட்டால் சில நாளில் முடியும்.

சென்னை நண்பர்களுக்கு இங்கே ஒரு துணுக்கு. குரோம்பேட்டை என்ற பேரில் இருக்கும் 'குரோம்' இந்த குரோமியம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் அங்கே நடத்திய குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பேர். ஆலை போச்சு, பேர் நிலைச்சிருச்சு. அந்தப் பேரைத் தினமும் மின்சார ரயில் அறிவிப்பில் கேட்கிறவங்களில் எத்தனை பேருக்கு அதில் தோல் ஞாபகம் வரும்?

ஆம்பூரை டெஸ்ட் கேஸாக எடுப்போம்

நகர வாழ்க்கை என்றால் என்ன என்று தெளிவாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜேன் ஜேக்கப்ஸ். நகரத் திட்டமிடல் படித்தவர் இல்லை, பத்திரிகையாளர். நியூயார்க்கில் ஹட்சன் தெருவில், கீழே கடை மேலே வீடு என்றிருந்த ஒரு கட்டடத்தில் குடியிருந்தவர். 1961-இல் அமெரிக்க நகரங்களின் சாவும் வாழ்வும் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் படிக்கப்படுது. சோஹோவை வெட்டிக்கொண்டு போக இருந்த பெரிய நெடுஞ்சாலைத் திட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1960-களின் கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால்தான் ஹாவட் கட்டடம் இன்றும் நிற்குது.

தெரு உயிரோடு இருக்க நாலு விஷயம் வேணும் என்றார் அவர். ஒன்று, ஒரே பகுதியில் வீடு, வேலை, கடை என்று பல பயன்பாடு. இரண்டு, அடிக்கடி திரும்ப முடிகிற சின்னச் சின்னத் தெருக்கள். மூன்று, புதுசும் பழசும் கலந்த கட்டடங்கள், ஏனென்றால் பழைய கட்டடத்தின் குறைந்த வாடகையில்தான் சின்னக் கடையும் புதுத் தொழிலும் பிழைக்கும். நான்கு, போதுமான மக்கள் நெருக்கம்.

இந்த நாலையும் ஆம்பூரில் போட்டுப் பாருங்க. 2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் நகராட்சியில் 1.14 லட்சம் பேர். மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர் நகராட்சியை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நெருக்கத்துக்குக் குறைவில்லை. பஜார் பக்கம் சந்துக்குள் சந்து. பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் புது மாடிக் கட்டடம். தெருவுக்கு எப்போ ஆள் வர்றாங்க என்று மட்டும் ஒரு நாள் கணக்கெடுங்க. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்குப் போறவங்க. அப்புறம் பால்காரர், டீக்கடை. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து இறங்குறவங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகள். மதியத்துக்கு முன்னாடியே பிரியாணி தம் உடைக்கும் கடைகள். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் பூவும் காய்கறியும் வாங்கும் கூட்டம். ராத்திரி பரோட்டாக் கல் சத்தம். ரம்ஜான் மாதம் என்றால் தெரு தூங்கவே தூங்காது. தமிழும் உருதும் கலந்து கேட்கும்.

ஜேக்கப்ஸ் சொன்னதன் மையமே இதுதான். வெவ்வேறு வேலையாக, வெவ்வேறு நேரத்தில் ஆட்கள் தெருவில் இருக்கும்போது, தனியாகக் காவல்காரர் போடாமலே தெருவுக்குக் கண் இருக்கு. 'லிவ், வொர்க், ப்ளே' என்று பிரோஷரில் போடுறாங்களே, அது ஆம்பூரில் யாரும் பேர் வைக்காமலே நடக்குது. வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இந்தப் பகுதியில் நிறைய. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வீடும் பட்டறையும் ஒரே அறை. சொல்லின் பழைய அர்த்தத்தில் பார்த்தால் உண்மையான லாஃப்ட் அதுதான்.

ஆனால் ஆம்பூரை ஏன் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை?

இங்கே நிறுத்தினால் இது ஊர்ப் பெருமை எபிசோட் ஆகிவிடும். ஆம்பூரில் வளர்ந்த பிள்ளைகள் ஏன் பெங்களூரில் வீடு தேடுறாங்க என்ற கேள்விக்கும் பதில் வேணும். முதல் பதில் தண்ணீர்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உப்பு தடவுவார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி விடுவது. பிறகு சுண்ணாம்பு, அமிலம், குரோமியம், சாயம். ஒரு கிலோ தோலுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர். பல வருஷம் அது அப்படியே நிலத்துக்கும் பாலாற்றுக்கும் போனது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பில், இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானது பற்றிய ஆய்வு பதிவாகியிருக்கு. 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. லா காலேஜில் படிக்கிற எல்லாரும் இந்த வழக்கைப் படிச்சிருப்பாங்க. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன, கழிவுநீரை வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் முறை வந்தது. ஆனாலும் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய் என்று. பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர்கள் இன்றைக்குக் குடிப்பது மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர்.

வேலை செய்யும் இடத்திலேயே தங்குவதற்கு இன்னொரு முகமும் இருக்கு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தங்கித் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனாங்க. சோஹோ வாசலில் ஒரு பலகையாவது இருந்தது, உள்ளே ஆள் இருக்காங்க என்று சொல்ல.

அதனால் ஆம்பூருக்கும் அந்த அபார்ட்மென்டுக்கும் கணக்குப் போட்டால் எனக்குக் கிடைக்கும் விடை இது. ஆம்பூரில் நகரம் இருக்கு, நகரத்துக்கு வேண்டிய வசதி இல்லை. நல்ல தண்ணீர், சாக்கடை, நடைபாதை, மூச்சுவிடக் காற்று, இதெல்லாம் பாக்கி. அபார்ட்மென்டில் வசதி இருக்கு, நகரம் இல்லை. ரெண்டுமே பாதிதான். ஆனால் வசதியைப் பிறகு சேர்க்க முடியும், குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் பட்ஜெட்டும் இருந்தால். தெருவைப் பிறகு சேர்ப்பது ரொம்பக் கஷ்டம். சுத்துச்சுவர் எழுப்பி, கேட் போட்டு, கடைக்கு இடமே விடாமல் கட்டிவிட்டால், அதில் ஒரு டீக்கடை முளைக்க நாற்பது வருஷம் ஆகலாம், முளைக்காமலும் போகலாம்.

கேட்டுக்குள் யாருக்கு இடம்?

வெளியூர் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரம் என்றால் யார் பிள்ளை, என்ன சாதி, எந்தத் தெரு என்று கேட்காத இடம் என்று நம்பித்தான் பலர் கிளம்புறாங்க. தோல் தொழிலில் சுண்ணாம்புத் தொட்டி வேலை யாருக்கு விடப்பட்டது, அந்த வாசனையை வைத்து யாரை ஒதுக்கினாங்க என்பது எங்க ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து தப்பிக்க நினைப்பது நியாயமான ஆசை.

ஆனால் அங்கே போனதும் என்ன ஆகுது? வாணியம்பாடியிலிருந்து வந்த என் நண்பன் ஒருத்தன், நல்ல சம்பளம், பெங்களூரில் வாடகை வீடு தேடினான். போனில் எல்லாம் ஓகே. பேரைச் சொன்னதும் 'இப்போதான் வேற பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க' என்று பதில். ஒரு இடத்தில் இல்லை, அடுத்தடுத்து நாலு இடத்தில். இன்னொரு வளாகத்தில் சைவம் மட்டும். இன்னொன்றில் பேச்சிலருக்கு இல்லை. வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி லிஃப்ட். ஊரில் தெரு விசாரித்ததை இங்கே அசோசியேஷன் விசாரிக்குது.

நகர வாழ்க்கைக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் இதுதான்: உங்களை மாதிரி இல்லாத ஒருத்தர் உங்க பக்கத்தில் சாதாரணமாக வாழ முடியுமா? முடியாது என்றால் அங்கே ஜிம் இருக்கலாம், நீச்சல்குளம் இருக்கலாம். நகரம் இல்லை.

வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க

இப்போ வேலைக்கு வருவோம். லாஃப்ட் என்று சொன்னாலும் சரி, வேறு என்ன பேர் வைத்தாலும் சரி, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை.

முதலில் ஏரியா. ரேரா சட்டப்படி கார்பெட் ஏரியா என்பது நீங்க பயன்படுத்தும் தரைப்பரப்பு. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி அதில் சேராது. டபுள் ஹைட் ஹாலின் மேல்பாதியில் இருப்பது காற்று. காற்றுக்கு கார்பெட் ஏரியா கிடையாது, ஏசி பில் மட்டும் உண்டு. மேலே அரைத்தளம் காட்டினால், அது அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கா என்று பாருங்க. 'நீங்க பிறகு போட்டுக்கலாம் சார்' என்று சொன்னால் அது அனுமதி இல்லாத கட்டுமானம் ஆகலாம், பிரச்சினை உங்க தலையில். திட்டத்தின் பதிவு விவரம் தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் இருக்கும். விளம்பரத்தை சேமித்து வையுங்க. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்க அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு வழி தருது.

இரண்டாவது தண்ணீர். எங்கிருந்து வருது? போர்வெல், லாரி, நகராட்சிக் குழாய், எது? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கிட்டுப் போங்க. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஆனால் மீட்டர் குரோமியத்தைத் தனியாகச் சொல்லாது. நிலம் முன்பு டேனரியாகவோ வேறு ஆலையாகவோ இருந்திருந்தால், மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் கன உலோகப் பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்க. பல்லாவரம், மாதவரம் பக்கம் வாங்குறவங்களும் கேட்கலாம்.

மூன்றாவது பார்க். பெரிய மனைகளில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கணும் என்று தமிழ்நாட்டில் விதி, ஓஎஸ்ஆர் என்பார்கள். அப்படி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த நிலம் பொதுச்சொத்து. அதை 'நம்ம கம்யூனிட்டி பார்க்' என்று வேலி போட்டுக் காட்டினால், உங்களுக்குச் சொந்தமில்லாததை உங்களுக்கு விற்கிறாங்க என்று அர்த்தம்.

நான்காவது, தெரு. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. கேட்டுக்கு வெளியே வெளிச்சம் இருக்கா, ஆள் நடமாட்டம் இருக்கா? பத்து வயசுப் பிள்ளை தனியாகப் போய் மாவு பாக்கெட் வாங்கிட்டு வர முடியுமா? வயசான அம்மா ஆட்டோ இல்லாமல் மருந்துக்கடைக்கும் கோயிலுக்கும் போய் வர முடியுமா? முடியும் என்றால் கூரை பத்து அடி இருந்தாலே போதும்.

மூடின டேனரி நிலத்தில் என்ன வரணும்?

கடைசியாக ஊருக்குத் திரும்புறேன். பாலாற்றுப் பக்கம் பல டேனரிகள் மூடியாச்சு, இனியும் சில மூடும். நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகுது, சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில். அந்த நிலங்களைத் தேடி பில்டர்கள் வருவாங்க. பெர்மாண்ட்சியில் நடந்தது இங்கேயும் நடக்க ஆரம்பிக்கும், ஒருவேளை 'தி டேனரி' என்ற பேரிலேயே.

நியூயார்க்கின் கொவானஸ் கால்வாய் கதையை அப்போ ஞாபகம் வச்சுக்கணும். புரூக்ளினில் ஆலைக் கழிவு ஓடிய கால்வாய் அது. 2010-இல் அமெரிக்க அரசு அதைக் கடும் மாசுபட்ட இடங்களின் பட்டியலில் சேர்த்தது. மாசுபடுத்தியவர்களிடமே செலவை வாங்கிச் சுத்தம் செய்யும் சட்டம் அது. அடுக்குமாடி வீடுகளுக்கு வழிவிடும் புது மண்டல விதி 2021-இல் வந்தது. அதே கொள்கை நம்ம ஊர்ப் பேரில் நடந்த வழக்கில் 1996-லேயே சொல்லப்பட்டாச்சு. அதனால் வரிசையை நாம மாத்திவிடக் கூடாது. முதலில் மண்ணைச் சோதிக்கணும், பொறுப்பானவர் செலவில் சுத்தம் செய்யணும், பிறகுதான் கட்டடம்.

கட்டும்போதும் வெறும் வீடு மட்டும் கட்டாமல், ஷூ கம்பெனிப் பெண்களுக்குத் தங்கும் விடுதி, கைத்தையல் செய்றவங்களுக்கு வெளிச்சமும் காற்றும் இருக்கும் பட்டறை, கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த கடைகள், நடந்து போக நிழல். அந்த உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் முதலில் யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவங்களுக்கே இங்கே அது திரும்பக் கிடைக்கலாம்.

இது கனவு மாதிரி இருக்கலாம். ஆனால் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஒரு ஊருக்கு மாஸ்டர் பிளான் வரைவு வந்தால், அதை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்டாகணும். எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது தொழில், எது கலப்பு என்று அந்த வரைபடத்தில்தான் முடிவாகும். பெரும்பாலும் அதைப் பார்த்து எழுதிக் கொடுப்பது நில வியாபாரம் செய்றவங்கதான். அடுத்த தடவை உங்க ஊர் வரைவு வரும்போது, ரிலீஸுக்கு முன்னாடி கோட் ரிவ்யூ பண்ற மாதிரி அதை உட்கார்ந்து படிங்க. உங்க தெருவைக் கண்டுபிடிங்க. ரெண்டு பக்கம் எழுதி ரசீது வாங்குங்க.

உங்க ஊரில் மூடிக்கிடக்கும் ஆலை எது, அந்த இடத்தில் இப்போ என்ன வருது என்று எழுதி அனுப்புங்க. நல்ல பதில்களை வைத்து இன்னொரு எபிசோட் பண்ணலாம்.